பான்டூன் படகுக்கு ப்ரொப்பல்லர் தேர்ந்தெடுப்பது எப்படி? சுமையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

எங்கள் பான்டூன் படகு (மிதக்கும் இரண்டு குழாய்களின் மேல் தட்டையான மேடை போட்ட படகு) வந்து சேர்ந்த நாளில், ஒப்படைக்க வந்தவரும் நானும் மட்டும் ஏறி முட்டுக்காட்டு உப்பங்கழியில் ஒரு சுற்றுப் போனோம். படகு அம்பு மாதிரி போனது. அடுத்து வந்த காணும் பொங்கலன்று பத்துப் பேர் ஏறினார்கள். முழு த்ராட்டில் கொடுத்தும் படகு நகர்ந்து வேகம் பிடிக்கவே வெகுநேரம் ஆனது. "அண்ணே, இஞ்சின் முக்குது" என்றான் கூட இருந்த தம்பி. மீட்டரைப் பார்த்தேன். 4,900 ஆர்பிஎம், அதாவது இஞ்சின் நிமிடத்துக்கு 4,900 சுற்று. அந்த மோட்டார் முழு த்ராட்டிலில் 5,000க்கும் 6,000க்கும் நடுவே ஓட வேண்டியது.

மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. படகிலும் இல்லை. ப்ரொப்பல்லர்தான் இரண்டு பேருக்கு ஏற்றதாக இருந்தது, பத்துப் பேருக்கு இல்லை. வேகத்தை வைத்தோ, பக்கத்துப் படகைப் பார்த்தோ ப்ரொப்பல்லர் வாங்கக்கூடாது, படகில் வழக்கமாக ஏறும் சுமையை வைத்துத்தான் வாங்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றை ஒழுங்காகச் செய்வதற்கான வழி.

முக்கினால் என்ன கெடும்?

பின்னால் ஆளை உட்கார வைத்துக்கொண்டு கத்திப்பாரா மேம்பாலத்தை டாப் கியரிலேயே ஏறிப் பாருங்கள். பைக் ஏறும், ஆனால் இஞ்சின் அடித்துக்கொள்ளும். பிட்ச் (ஒரு சுற்றில் ப்ரொப்பல்லர் முன்னேறும் தூரம்) அதிகமான ப்ரொப்பல்லரோடு சுமை ஏற்றிய பான்டூனும் அதே நிலையில்தான் இருக்கிறது. த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்கும், சுற்று மட்டும் ஏறாது. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடும், கரி படியும், பெட்ரோல் வீணாகும். மாதக்கணக்கில் இப்படியே ஓட்டினால் பிஸ்டன் வரைக்கும் சேதம் போகும்.

தலைகீழாகவும் நடக்கலாம். பிட்ச் மிகக் குறைவாக இருந்தால் படகு சட்டென்று கிளம்பும், ஆனால் காலியாகத் திரும்பும்போது சுற்று மேல் வரம்பைத் தாண்டும். புது மோட்டார்களில் சுற்றுக் கட்டுப்பாடு உள்ளே நுழைந்து இஞ்சினை விட்டுவிட்டு ஓட வைக்கும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றில் அந்தக் காவல்கூடக் கிடையாது.

முதல் படி: மோட்டாரின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

மோட்டாரோடு வந்த கையேட்டை எடுங்கள். இரண்டு எண்கள் கட்டாயம் வேண்டும். ஒன்று, முழு த்ராட்டிலில் இருக்க வேண்டிய ஆர்பிஎம் வரம்பு. இரண்டாவது, கியர் விகிதம், அதாவது ப்ரொப்பல்லர் ஒரு சுற்றுச் சுற்ற இஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது.

பான்டூனுக்கு இந்தக் கியர் விகிதம் மிகவும் முக்கியம். மெர்க்குரி 60 குதிரைத்திறன் மோட்டாரைச் சாதாரண கியர்பெட்டியோடு வாங்கினால் விகிதம் 1.83. அதையே கமாண்ட் த்ரஸ்ட் என்ற பெரிய கியர்பெட்டியோடு வாங்கினால் 2.33. யமஹாவின் ஹை த்ரஸ்ட் 60 மோட்டாருக்கும் 2.33தான். விகிதம் கூடினால் ப்ரொப்பல்லர் மெதுவாக, ஆனால் அதிக பலத்தோடு சுற்றும். பெரிய கியர்பெட்டியில் 14 அங்குல விட்டமுள்ள ப்ரொப்பல்லர் தாராளமாக மாட்டலாம். பான்டூன் என்பது தண்ணீரைக் கிழித்துப் பறக்கும் படகு அல்ல. காற்றை மார்பில் வாங்கிக்கொண்டு தள்ளிக்கொண்டு போகும் மேடை. அதற்குப் பெரிய ப்ரொப்பல்லர் நிதானமாகச் சுற்றுவதே நல்லது. நீங்கள் இன்னும் மோட்டாரே வாங்கவில்லை என்றால், குதிரைத்திறனைக் கூட்டுவதற்கு முன் இந்தக் கியர்பெட்டியைக் கேளுங்கள்.

இரண்டாவது படி: இப்போது மாட்டியிருப்பதைப் படியுங்கள்

ப்ரொப்பல்லரின் நடுக் குமிழிலோ பிளேடுகளுக்கு இடையிலோ எண்கள் பொறித்திருக்கும். 14 × 13 என்றால் முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். எண்களுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருந்தால், பெரும்பாலும் அது எந்த வகை கியர்பெட்டிக்குப் பொருந்தும் என்பதைக் காட்டும். யமஹா ப்ரொப்பல்லர்களில் அந்த எழுத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கடைக்காரரால் சரியானதை எடுத்துத் தர முடியும்.

பிட்ச் என்பது, மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, வழுக்காமல் போனால் ஒரு சுற்றில் ப்ரொப்பல்லர் முன்னேறும் தூரம். 13 பிட்ச் என்றால் 13 அங்குலம். தண்ணீர் மரம் இல்லை என்பதால் எப்போதும் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலின் அளவு பின்னால் கணக்கில் வரும்.

எண் தேய்ந்து போயிருந்தால், நடுப்புள்ளியிலிருந்து ஒரு பிளேடின் நுனி வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள், விட்டம் கிடைக்கும். பிட்சை இப்படிக் கையால் அளந்தால் சரியாக வராது, அளவுக் கருவி வைத்திருக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும். ஏற்கெனவே வெல்டிங் செய்து நிமிர்த்திய ப்ரொப்பல்லர் என்றால் பொறித்த எண்ணையும் நம்ப வேண்டாம். நிமிர்த்தும்போது பிட்ச் மாறிவிடுவது சகஜம்.

மூன்றாவது படி: சுமையை எழுதுங்கள்

இதைத் தாளில் எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம். வழக்கமாக எத்தனை பேர் ஏறுகிறார்கள்? ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தாலும் பத்துப் பேர் 700 கிலோ. பெட்ரோல் டாங்க், பேட்டரி, நங்கூரம், கயிறு, உயிர்காப்பு உடைகள், ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் சேரும். கூரையின் எடை போக, அது பிடிக்கும் காற்றும் ஒரு சுமைதான்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். படகில் பொறித்திருக்கும் ஆள் வரம்புக்குள் இருக்கும் சுமையைத்தான் இங்கே சொல்கிறேன். நல்ல ப்ரொப்பல்லர் மாட்டினால் அதிக சுமையையும் இழுக்கும், ஆனால் அதனால் படகு கவிழாமல் இருக்காது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க முடியாது. இழுக்கிறதே என்று இன்னும் இரண்டு பேரை ஏற்ற வேண்டாம்.

நான்காவது படி: சோதனைக்கு முன் படகைச் சுத்தம் செய்யுங்கள்

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். நம் உப்பங்கழியில் சில வாரம் நின்றாலே குழாய்களின் அடியில் கொட்டலசு என்ற சின்ன ஓட்டுயிர் பிடித்துவிடும். பழவேற்காட்டிலும் அப்படியே. ப்ரொப்பல்லர் பிளேடில் நாலைந்து ஒட்டியிருந்தால்கூட ஆர்பிஎம்மும் படகின் வேகமும் குறையும். இந்த நிலையில் சோதனை செய்தால், அழுக்குக்கு ஏற்ற ப்ரொப்பல்லரை வாங்கி வருவீர்கள்.

அப்புறம் குழாய்களைத் தட்டிப் பாருங்கள். படகைக் கரையேற்றி, விரல் முட்டியால் முன்னிருந்து பின்வரை ஒவ்வொரு அடிக்கும் ஒரு தட்டு. காலிக் குடம் மாதிரி கணீரென்று ஒலிக்க வேண்டும். ஓரிடத்தில் ஒலி மந்தமானால் உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தால் போதும், சில மாதத்தில் ஓர் அறை முழுக்க நிரம்பிவிடும். எங்கள் படகில் இடது குழாயின் பின் அறையில் இப்படித் தண்ணீர் இருந்தது. வடிகால் அடைப்பைத் திறந்ததும் இரண்டு பெரிய கேன் அளவுக்குக் கொட்டியது. ப்ரொப்பல்லரை மாற்றுவதற்கு முன் அதைச் சரிசெய்தோம்.

ப்ரொப்பல்லரின் பிளேடு ஓரங்களை விரல் நுனியால் தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளமோ வளைவோ இருந்தால், அதை வைத்து எடுக்கும் எந்த அளவும் உதவாது.

ஐந்தாவது படி: ஆளை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பாருங்கள்

ஆர்பிஎம் மீட்டர் இல்லாத மோட்டார் என்றால், ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். வேகத்துக்குக் கைபேசியின் ஜிபிஎஸ் போதும்.

காலையில் செய்யுங்கள். சென்னைக் கரையில் நடுப்பகல் வாக்கில் கடல்காற்று எழுந்துவிடும், பான்டூனின் கூரை பாய் மாதிரி அதைப் பிடித்துக்கொள்ளும். முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் நீரோட்டமும் இருக்கும். அதனால் ஒரே பாதையில் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அளந்து சராசரி எடுங்கள். ஆழமான, ஆளில்லாத நேர்ப்பாதையாக இருக்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் படகு தானாகவே இழுபடும், அளவு பொய்யாகிவிடும்.

எல்லோருக்கும் உயிர்காப்பு உடை மாட்டுங்கள். அவசர நிறுத்தக் கயிறு ஓட்டுபவரின் உடையில் மாட்டியிருக்கட்டும். எல்லோரையும் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார வையுங்கள். அளவுக்காக முன்னாலோ பின்னாலோ நகர்த்த வேண்டாம். மெதுவாகக் கிளம்பி முழு த்ராட்டிலுக்குப் போய், மோட்டாரின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளி, சுற்று இனி ஏறாது என்ற நிலை வரும்வரை பொறுங்கள். அந்த ஆர்பிஎம்மையும் வேகத்தையும் எழுதுங்கள். பிறகு இரண்டு பேரோடு மட்டும் இதையே திரும்பச் செய்யுங்கள்.

முழுச் சுமையில் ஆர்பிஎம் வரம்புக்குள், முடிந்தால் நடுப்பகுதியை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். லேசான சுமையில் மேல் வரம்பைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டும் ஒரே ப்ரொப்பல்லரில் கிடைத்தால் அதுதான் உங்கள் ப்ரொப்பல்லர்.

ஆறாவது படி: பிட்ச் கணக்கு

பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 150 முதல் 200 ஆர்பிஎம் கூடும். ஓர் அங்குலம் கூடினால் அதே அளவு குறையும். எங்கள் படகுக்கு 4,900 வந்தது. குறைந்தது 5,300ஆவது வேண்டும் என்று நினைத்தோம். 400 கூட வேண்டும் என்றால் இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும். அப்படித்தான் 14 × 13ஐ எடுத்துவிட்டு 14 × 11 மாட்டினோம். பத்துப் பேரோடு 5,300 வந்தது. இரண்டு பேரோடு 5,650. இரண்டுமே 5,000–6,000 வரம்புக்குள்.

வேகம் குறைந்துவிடுமே என்று பயந்தேன். குறையவில்லை. பழைய ப்ரொப்பல்லரில் முழுச் சுமையோடு மணிக்கு 28 கிலோமீட்டரை ஒட்டி ஓடிய படகு, புதியதில் 29.5 ஓடியது. முக்கிக்கொண்டிருந்த இஞ்சினுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

வழுக்கலைக் கணக்கிட ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஆர்பிஎம்மைப் பிட்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, 656ஆல் மறுபடி வகுத்தால், வழுக்கலே இல்லாவிட்டால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம் என்பது வரும். 5,300ஐ 11ஆல் பெருக்கி, எங்கள் மோட்டாரின் கியர் விகிதமான 2.33ஆல் வகுத்து, 656ஆல் வகுத்தால் 38.1. உண்மையில் போனது 29.5. அப்படியானால் வழுக்கல் சுமார் 23 விழுக்காடு. சுமை ஏற்றிய பான்டூனுக்கு இது சாதாரணம். வேகப் படகில் 10 முதல் 20 விழுக்காட்டுக்குள் இருக்கும். உங்கள் கணக்கில் 40ஐத் தாண்டினால் பிட்சை மாற்ற அவசரப்படாதீர்கள். வேறெங்கோ கோளாறு இருக்கிறது, பெரும்பாலும் அடுத்த படியில் சொல்வதுதான்.

ஏழாவது படி: மோட்டாரின் உயரம்

ப்ரொப்பல்லருக்கு நேர் மேலே தட்டையான ஒரு தகடு இருக்கும். மேற்பரப்புக் காற்று ப்ரொப்பல்லருக்குள் இறங்காமல் தடுப்பது அதன் வேலை. பான்டூனில் மோட்டார் இரண்டு குழாய்களுக்கு நடுவே தனி மேடையில் தொங்குகிறது. குழாய்களுக்கு இடையே ஓடிவரும் தண்ணீரில் காற்றுக் குமிழ்கள் கலந்திருக்கும். மோட்டார் மேலே ஏறியிருந்தால் திருப்பத்தில் ப்ரொப்பல்லர் அந்தக் காற்றைக் கடித்துவிடும். சுற்று திடீரென்று எகிறும், படகு அப்படியே நிற்கும். தகடு, மோட்டார் மேடையின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்கும்படி தொடங்குங்கள். ஓடும்போது பின்னால் எட்டிப் பார்த்தால் தகடு நீர்மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். மிகவும் கீழே இறக்கினால் கியர்பெட்டியே தண்ணீரை இழுத்துத் தடையாகும்.

இதே அறிகுறி இன்னொரு காரணத்தாலும் வரும். ப்ரொப்பல்லரின் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. பாறையில் மோதினால் கியரைக் காப்பாற்ற அது வழுக்கிக்கொடுக்கும். பழசாகிவிட்டால் மோதாமலே வழுக்கும். சந்தேகம் வந்தால், உள் குமிழிலிருந்து வெளிக் குமிழ் வரை பெயிண்டால் ஒரு நேர்கோடு போட்டு, காய்ந்ததும் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. கோடு நேராகவே இருந்தால் உயரத்தைப் பாருங்கள்.

எட்டாவது படி: பிளேடும் உலோகமும்

மூன்று பிளேடா, நான்கு பிளேடா? பான்டூனுக்கு என் ஓட்டு நான்குக்குத்தான். தண்ணீரை நன்றாகப் பிடிக்கும், அதிர்வு குறையும், துறையில் பின்னால் எடுத்துக் கட்டும்போது படகு சொன்னபடி கேட்கும். அதே பிட்சில் சுற்று கொஞ்சம் குறையும், அதனால் மூன்றிலிருந்து நான்குக்கு மாறுபவர்கள் பிட்சை ஓர் அங்குலம் குறைத்து வாங்குவது வழக்கம். உச்ச வேகம் சற்றுக் குறையலாம். உல்லாசப் பயணத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூன்று பிளேடு மலிவு, எளிதில் கிடைக்கும். நாங்கள் முதலில் 14 × 11 வாங்கியது மூன்று பிளேடில்தான், கிடைத்தது அதுதான் என்பதால்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளபளப்பாக இருக்கும், எளிதில் வளையாது, பிளேடு மெல்லியதாக இருப்பதால் தண்ணீரைச் சுத்தமாக வெட்டும். 115 குதிரைத்திறனுக்கு மேல், ஆழமான நீரில் ஓட்டுபவர்களுக்கு அது சரி. நம் உப்பங்கழிகளில் வேண்டாம் என்பேன். பழவேற்காட்டில் ஆளிப் படுகை, முட்டுக்காட்டில் மணல்திட்டு, எங்கேயும் கண்ணுக்குத் தெரியாத கல். அலுமினிய பிளேடு மோதினால் வளைந்து அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். ஸ்டீல் வளையாமல் அந்த அடியைக் கியருக்கே கொண்டுபோகும். வளைந்த அலுமினியத்தைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். உடைந்த கியரை நடுத்தண்ணீரில் ஒன்றும் செய்ய முடியாது.

சிறிய மோட்டார்களில் ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் ஒடியும் பின் இருக்கும். அது ஒடிவதற்கென்றே செய்தது. அந்த இடத்தில் ஆணியை வெட்டிச் சொருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆணி ஒடியாது, கியர்தான் ஒடியும்.

ஒன்பதாவது படி: வாங்குதல், மாட்டுதல்

காசிமேடு, ராயபுரம் பக்கம் ஓபி மோட்டார் (படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்) உதிரி விற்கும் கடைகளுக்குப் போகும்போது மோட்டாரின் மாடல் எண், பழைய ப்ரொப்பல்லர், நீங்கள் எழுதிய தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள். மீன்பிடி ஃபைபர் படகுக்கு ஓடுவது வேறு, உங்களுக்கு வேண்டியது வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாங்குவதற்கு முன், ஒரு தடவை மாட்டிப் பார்த்துப் பொருந்தாவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று கேளுங்கள். ஒத்துக்கொள்கிற கடையில் வாங்குங்கள்.

மாட்டும்போது சாவியை எடுத்து, நிறுத்தக் கயிற்றையும் கழற்றி, கியரை நியூட்ரலில் வையுங்கள். பிளேடுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைக் கொடுத்தால் ப்ரொப்பல்லர் சுற்றாது, நட்டைக் கழற்றலாம். பழையதைக் கழற்றியதும் தண்டின் அடியைப் பாருங்கள். நைலான் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் ஊசியால் நெம்பி ஒவ்வோர் இழையாக வெளியே எடுங்கள். எங்கள் மோட்டாரில் சீலுக்கு வெளியே மோதிரம் மாதிரி இறுகிக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் சீலை அறுத்துக் கியர் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் ஏற்கெனவே கலந்துவிட்டது என்று அர்த்தம், முதலில் சீலை மாற்றுங்கள்.

தண்டின் பல்வரிசையைத் துடைத்து, கடல்நீருக்கான கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். இல்லாவிட்டால் உப்பு இறுகி, அடுத்த தடவை ப்ரொப்பல்லர் வரவே வராது. முன்பக்க வாஷரை மறந்துவிடாதீர்கள், அதன் சாய்ந்த பக்கம் தண்டின் சாய்வோடு பொருந்த வேண்டும். நட்டை முறுக்கும் அளவு கையேட்டில் இருக்கும். பூட்டுப் பின்னை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். கியர்பெட்டியில் இருக்கும் அரிப்புத் தடுப்பு உலோகக் கட்டியையும் அப்போதே பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். நல்லதண்ணீரும் உப்புத்தண்ணீரும் கலக்கும் உப்பங்கழிக்கு அலுமினியக் கட்டி ஏற்றது. அதன்மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது, அடித்தால் அது வேலை செய்யாது.

கழற்றிய பழைய ப்ரொப்பல்லர் நன்றாக இருந்தால் விற்றுவிடாதீர்கள். அதோடு ஒரு நட்டு, வாஷர், இரண்டு பின், பொருந்தும் ஸ்பேனர், மரக்கட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இருக்கைக்கு அடியில் வையுங்கள். 14 × 13 எங்களிடம் அப்படித்தான் இருக்கிறது. முழுச் சுமைக்கு உதவாது, ஆனால் மெதுவாக ஓட்டிக் கரை சேர்க்கும்.

புதியதை மாட்டியதும் ஐந்தாவது படியை மறுபடி செய்யுங்கள், அதே ஆட்கள், அதே பாதை, அதே நேரம். வந்த எண்களைத் தேதியோடு மோட்டார் மூடியின் உட்புறம் அழியாத மையில் எழுதி வையுங்கள். எங்களுடையதில் "10 பேர், 5,300" என்று இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே பத்துப் பேரோடு 5,000 காட்டினால், கடைக்கு ஓடாமல் முதலில் குழாய்களின் அடியில் கொட்டலசைத் தேடுவோம். முதல் நாள் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் நட்டையும் பின்னையும் ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள்.